பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்

பள்ளி மாறுவேடப் போட்டிகளில் வருஷா வருஷம் இரண்டு மூன்று ஐன்ஸ்டீன்கள் மேடையேறுவார்கள். பஞ்சு மீசை, சிலுப்பிவிட்ட தலை, "ஈ இஸ் ஈக்வல் டு எம்சி ஸ்கொயர்" என்று ஒரே மூச்சு, அப்புறம் கைதட்டல். என் மகள் ஒரு வருஷம் மேரி கியூரியாகப் போனாள். பிறந்த ஊர் வார்சா, பிறந்த வருஷம் 1867, நோபல் பரிசு இரண்டு முறை என்று எல்லாவற்றையும் பிசகாமல் ஒப்பித்தாள். கியூரி கண்டுபிடித்த ரேடியம் என்றால் என்ன என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பைக் நம்பர் பிளேட்டில் ஒட்டுகிற ஸ்டிக்கர் என்று சொல்லியிருப்பாள். நம் ஊரில் ரேடியம் என்றால் அதுதானே.

இதில் பிள்ளைகள் மேல் குற்றமில்லை. நாம் அறிமுகம் செய்கிற வரிசை அப்படி. முதலில் படம், பிறகு பெயர், பிறந்த தேதி, பட்ட கஷ்டம், வாங்கிய பரிசு. அந்த மனிதர் என்னதான் செய்தார் என்பது கடைசியில் வரும், பல சமயம் வராமலே போகும். சாமி படத்தோடு ஒரு காலண்டர் மாட்டுகிற மாதிரி ஒரு விஞ்ஞானியை மாட்டிவிடுகிறோம்.

திருவானைக்காவலில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் சில வருஷமாக ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஏதாவது செய்துகொண்டிருக்கிறேன். நான் அறிவியல் படித்தவள் இல்லை. காமர்ஸ் படித்து, அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாடியில் எனக்குப் பிடிபட்ட ஒரே சூட்சுமம் அந்த வரிசையை மாற்றுவது. முதலில் கையால் ஒன்றைச் செய்வோம். அதிலிருந்து கேள்வி கிளம்பும். பிள்ளைகள் அடித்துக்கொண்டு பதில் சொல்வார்கள். கடைசியாகத்தான், "இதையே ஒருத்தர் செஞ்சு பார்த்தார், தெரியுமா?" என்று பெயரைச் சொல்வேன். அதற்குள் அந்த மனிதர் இவர்களுடைய கூட்டாளி ஆகியிருப்பார்.

ஆரம்பிக்க நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது மெழுகுவத்திதான். மாடியில் காற்று விடாது, அதனால் மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்து செய்வோம். ஏற்றி இரண்டு நிமிஷம் எரிய விட்டு, "எது எரியுது?" என்று கேட்பேன். முக்கால்வாசிப் பேர் திரி என்பார்கள். ஊதி அணைத்ததும் திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை இழை மேலே எழும். எரிகிற தீக்குச்சியை அந்தப் புகையில், திரிக்கு ஒரு விரற்கடை மேலே காட்ட வேண்டும். திரியைத் தொடவே கூடாது. சுடர் புகை வழியாகக் கீழே குதித்துத் திரியைப் பற்றிக்கொள்ளும். கண் இமைத்தால் தவறிவிடும். ஒரு கணம் யாரும் பேச மாட்டார்கள், அடுத்த கணம் "அத்தை, நான் நான்" என்று தீப்பெட்டிக்குச் சண்டை. தீக்குச்சியைப் பற்றவைத்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் மெழுகுவத்தியை ஊத வேண்டும். இல்லையென்றால் புகை போய்விடும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், தலைமுடியைக் கட்டாத பிள்ளைகளுக்கு ஒரு ரப்பர் பேண்ட், தீக்குச்சி எப்போதும் பெரியவர் பார்வையில். இந்த மூன்றில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்த வெள்ளைப் புகை மெழுகு ஆவி. குளிர்ந்து பொடிப்பொடித் துளிகளாகத் தெரிகிறது. திரி மெழுகை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது, சூட்டில் அது ஆவியாகிறது, எரிவது அந்த ஆவிதான். அடுத்து சுடரின் மஞ்சள் பகுதியில் ஒரு பழைய கரண்டியைப் பிடித்தால் கரி அப்பும். இத்தனை நேரம் வெளிச்சம் கொடுத்தது சூட்டில் தகதகத்த அந்தக் கரித்தூள்தான். பிறகு உலர்ந்த கண்ணாடி டம்ளரைச் சுடர் மேல் கவிழ்த்துப் பிடித்தால் உள்ளே ஆவி படியும். நெருப்பிலிருந்து தண்ணீர்! நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் உடனே மடக்கினான்: "ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த டம்ளர் சும்மாவே வேர்க்குமே?" சரியான கேள்வி. அலமாரியில் இருந்த டம்ளர்தான் என்று அவனே தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் மேலே போக விட்டான்.

இதற்கெல்லாம் பிறகு மைக்கேல் ஃபாரடே. 1791-இல் பிறந்த கொல்லர் மகன். பதினாலு வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பைண்டு செய்ய வந்த புத்தகங்களையே படித்துத் தேறியவர். வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அந்தக் குறிப்புகளைத் தன் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கே அனுப்பி வைத்தார். அந்தத் தொடர்புதான் அவரை 1813-இல் லண்டனின் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் உதவியாளராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே 1825-இல் தொடங்கிய, சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் மெழுகுவத்தி ஒன்றையே வைத்துக்கொண்டு ஒரு தொடர் முழுக்கப் பேசியிருக்கிறார். புகையில் நெருப்பு குதிப்பதையும் அதில் செய்து காட்டினார். எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையில் பிடித்தது அவர் பின்னால் வழிகாட்டிய மோட்டாரோ டைனமோவோ இல்லை, பைண்டிங்தான். அடுத்த வாரமே கோணி ஊசியும் நூலும் கேட்டு, எழுதிய தாள்களைத் தைத்து நோட்டாக்கிக்கொண்டார்கள். தையல் கோணல்மாணல்தான். ஆனால் கடையில் வாங்கிய நோட்டு எதுவும் இத்தனை நாள் பத்திரமாக இருந்ததில்லை.

சொல்கிற கதையில் ஜாக்கிரதை வேண்டும். நியூட்டன் தலையில் ஆப்பிள் விழவில்லை. விழுந்ததைப் பார்த்து யோசித்ததாக அவரே வயதான காலத்தில் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். ஐன்ஸ்டீன் கணக்கில் ஃபெயில் ஆனவரும் இல்லை. பதினைந்து வயதுக்கு முன்பே கால்குலஸ் என்ற உயர்கணிதம் கற்றவர். மார்க் குறைந்த பிள்ளையைத் தேற்ற இந்தப் பொய்யைச் சொல்கிற பெற்றோர் நிறைய. பிள்ளை ஒருநாள் தேடிப் பார்த்துவிடும், அன்றைக்கு நாம் சொன்ன மற்றவையும் சேர்ந்து அடிபடும். உண்மையான விவரமே போதிய சுவாரஸ்யமாகத்தான் இருக்கிறது.

உதாரணத்துக்கு மிருதங்கம். எங்கள் கீழ்வீட்டில் ஒரு மிருதங்க வித்வான் இருக்கிறார். பிள்ளைகளுக்குத் தாத்தா. ஒரு பால் டின் வாயில் பலூனை இழுத்துக் கட்டித் தட்டச் சொன்னேன். "தொப் தொப்" என்று ஒரு சத்தம், அதில் சுருதி எதுவும் இல்லை. பிறகு தாத்தா மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையில் ஒரு மீட்டு மீட்டினார். கேட்டதும் ஒரு பெண் அதே சுருதியில் "ஸா" என்று பாடிக் காட்டினாள். இரண்டும் இழுத்துக் கட்டிய தோல்தானே, இதில் மட்டும் ஸ்வரம் எப்படி வந்தது? பிள்ளைகளின் கை நேராகப் போனது நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்துக்கு. சோற்றோடு கறுப்புக் கல்பொடியைக் கலந்து அரைத்து அடுக்கடுக்காகப் பூசித் தேய்ப்பது அது. வித்வான்கள் சோறு என்றும் கரணை என்றும் சொல்வார்கள்.

பொடி தூவிப் பார்க்கலாமா என்று கேட்டதும் தாத்தாவின் முகம் மாறியது. கச்சேரி மிருதங்கத்தைத் தொட விடமாட்டேன் என்றவர், யோசித்து, பழுதுக்குக் கிடந்த பழைய ஒன்றைக் கொடுத்தார். அதை நிமிர்த்தி வைத்து, கோலப்பொடியை மெல்லியதாகத் தூவி, ஒரு விரலை லேசாகத் தோல் மேல் வைத்துக்கொண்டு வேறிடத்தில் தட்டினால் பொடி துள்ளி ஓடி, தோல் அசையாத இடங்களில் கோடாகப் படிகிறது. விரலை நகர்த்தினால் கோடும் மாறுகிறது. சாதாரணத் தோலில் எழும் பல அதிர்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது, அதனால்தான் வெறும் சத்தம். நடுவில் ஏற்றிய கனம் அந்த அதிர்வுகளை வரிசைக்குக் கொண்டுவந்து, தந்தி வாத்தியம் போல ஒன்று, இரண்டு, மூன்று மடங்கு என்று ஒத்திசைய வைக்கிறது. இதைக் கண்டுபிடித்து 1920-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதியவர் சர் சி.வி. ராமன். பின்னாளில் இப்படியே நுண்மணலைத் தூவிப் படம் பிடித்தும் காட்டினார். "எந்த ஊர்க்காரர்?" என்றான் ஒருவன். இதே திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7-இல் பிறந்தவர் என்றதும், "நம்ம ஆனைக்காவா?" என்று ஒரே கூச்சல்.

எனக்கு ராமனிடம் பிடித்தது வேறு. அவரும் எங்கள் கணக்குத் துறைக்காரர். 1907-இல் கல்கத்தாவில் நிதித் துறை அதிகாரியாகச் சேர்ந்து, பகலெல்லாம் கோப்பு பார்த்துவிட்டு, காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெருவில் இருந்த அறிவியல் சங்கத்தின் ஆய்வகத்தில் கிடந்தவர். பத்து வருஷம் கழித்து சம்பளம் குறைவான பேராசிரியர் வேலைக்காக அதை விட்டார். ஒளிச்சிதறலில் அவர் கண்ட ராமன் விளைவு என்ற 1928 பிப்ரவரி 28 கண்டுபிடிப்பையும் 1930 நோபலையும் பிள்ளைகளே பாடப்புத்தகத்தில் பார்த்துக்கொள்வார்கள். சம்பளம் குறைந்த கதையைச் சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்த பெற்றோர்தான் கொஞ்சம் அசௌகரியமாக நெளிந்தார்கள்.

பெற்றோரைப் பற்றிச் சொல்ல வந்தால் சொல்லிவிடுகிறேன்: படியேறும்போதே போனை வாங்கிக் கூடையில் போட்டுவிடுங்கள். படம் பிடிக்க ஒருவர் நின்றால் பிள்ளைகள் செய்வதை விட்டுவிட்டு நடிக்க ஆரம்பித்துவிடும். இன்னொன்று, "புரிஞ்சுதா?" என்று பின்னாலிருந்து கேட்பதையும் நிறுத்த வேண்டும். அந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளையும் "இல்லை" என்று சொன்னதாகச் சரித்திரமில்லை. "யூடியூப்ல இதை ஏற்கெனவே பார்த்துட்டேன்" என்று வரும் பிள்ளையிடம், "சரி, அப்ப நீ செஞ்சு காட்டு" என்று பொருளைக் கையில் கொடுத்துவிடுவேன். வீடியோவில் எப்போதும் முதல் தடவையிலேயே வந்துவிடும், கையில் அப்படி வராது. அங்கேதான் அந்தப் பிள்ளைக்கும் வேலை ஆரம்பம்.

மழைக்காலத்தில் மண்புழு. தொட்டி மண்ணில் புழுக்கள் வெளியே தலைநீட்டும் இரவு நேரத்தில் டார்ச்சில் சிவப்பு ஜெலட்டின் தாளை ஒட்டிக்கொண்டு பார்க்க வேண்டும், வெள்ளை வெளிச்சம் பட்டால் உள்ளே போய்விடும். கத்தினார்கள், விசில் அடித்தார்கள், ஒருவன் நாதஸ்வரப் பாட்டைப் போட்டான். புழு அசையவில்லை. தொட்டிக்கு அடியில் போனை வைப்ரேஷனில் வைத்து அழைத்ததும் சரக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. (அந்த ஒரு போனுக்கு மட்டும் கூடையிலிருந்து விடுதலை.) காற்றில் வரும் சத்தம் அதற்குக் கேட்காது, மண்ணின் அதிர்வு தெரியும். சார்லஸ் டார்வின் செய்ததும் இதைத்தான்: மகன் பசூன் என்ற குழல் வாத்தியத்தை ஊத, விசில் அடிக்க, புழுக்கள் கண்டுகொள்ளவே இல்லை. தொட்டியைப் பியானோ மேல் வைத்து ஒரு கட்டையைத் தட்டியதும் பதுங்கிக்கொண்டன. அவருடைய மண்புழு நூல் 1881-இல் வந்தது, அடுத்த வருஷம் காலமானார். தாடித் தாத்தா ஒருவர் புழுவுக்கு வாசித்துக் காட்ட வைத்த காட்சியில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பரிணாமம் பின்னால் வரட்டும், அவசரமில்லை.

பெண் விஞ்ஞானி என்றால் மேரி கியூரியோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். கொள்ளிடக் கரை முழுக்க நாணல் பூத்துக் கிடக்கிறதே, அதில் ஒரு தண்டையும் பொங்கல் கரும்பில் ஒரு துண்டையும் குறுக்கே வெட்டிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணு, தோகை, பூவின் அமைப்பு எல்லாம் உறவுக்காரச் சாயல். இனிப்பான, ஆனால் நோஞ்சானான கரும்போடு முரட்டு நாணலைக் கலந்துதான் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் 1918-இல் கோ 205 என்ற ரகத்தைக் கொண்டுவந்தார்கள். அதே நிலையத்தில் 1930-களில் கரும்பின் செல்லுக்குள் மரபுக்குணங்களைச் சுமக்கும் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டும், கரும்பை மற்றப் புல்லினங்களோடு கலந்து பார்த்துக்கொண்டும் இருந்தவர் தலச்சேரியில் 1897-இல் பிறந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள். நுண்ணோக்கி இல்லாமல் குரோமோசோமைக் காட்ட முடியாதுதான். ஆனால் நாணல் தண்டை ஒரு கடி கடித்து, "தூ" என்று துப்பிவிட்டு, இதைப் போய்க் கரும்போடு சேர்க்கலாம் என்று யாருக்குத் தோன்றியது என்று ஒரு பெண் கேட்டாளே, அது எனக்குப் போதும்.

வானம் பார்க்க விலையுயர்ந்த டெலஸ்கோப் வாங்காதீர்கள். பாதி வீடுகளில் அது பரணில்தான் கிடக்கிறது. 10x50 பைனாகுலர் ஒன்று போதும். கைப்பிடிச் சுவரில் ஒரு தலையணையைப் போட்டு அதன் மேல் ஊன்றிக்கொண்டால் ஆடாது. பகலில் அதைப் பூட்டி வைத்துவிடுங்கள், சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும். வியாழன் தெரியும் மாதங்களில் அதைப் பார்த்து ஒரு வட்டமும், பக்கத்தில் தெரியும் புள்ளிகளையும் தேதி போட்டு வரையச் சொன்னேன். காரணம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் புள்ளிகள் இடம் மாறியிருந்தன. "நேத்து நீ தப்பா வரைஞ்சிருக்கே" என்று ஆரம்பித்த சண்டை, எல்லோர் நோட்டிலும் மாறியிருக்கவே அடங்கிப்போனது. மூன்று புள்ளி ஒருநாள், நாலு புள்ளி ஒருநாள், இடப்பக்கம் ஒன்றுமே இல்லாமல் ஒருநாள். இவர்கள் பக்கங்கள் சேர்ந்த பிறகு, 1610 ஜனவரி 7-இல் தொடங்கி கலீலியோ வரைந்த படங்களின் நகலை எடுத்துக் காட்டினேன். அதே வட்டம், அதே புள்ளிகள். "இது என் நோட்டுதான்!" என்றான் ஒரு பையன். முதலில் மூன்று, சில நாளில் நாலாவது. அந்தப் புள்ளிகள் வியாழனின் நிலாக்கள். பூமியைச் சுற்றாமல் வேறொன்றைச் சுற்றுகிற நாலு பொருள்கள் வானத்தில் இருக்கின்றன என்ற செய்தி, எல்லாமே பூமியைத்தான் சுற்றுவதாக நம்பிய அந்தக் காலத்தில் ஏன் அத்தனை பேரை உலுக்கியது என்று விளக்குவது அதன் பிறகு சுலபமாகிவிட்டது.

அதே கலீலியோ சனியைப் பார்த்து மூன்று கோள்கள் ஒட்டி நிற்பதாக எண்ணினார். அது வளையம் என்று டச்சு அறிஞர் ஹைகன்ஸ் சொல்ல அரை நூற்றாண்டு ஆனது. பெரிய மனிதர்கள் தவறாகப் புரிந்துகொண்ட இடங்களையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அதைக் கேட்டால் ஒரு தெம்பு வந்துவிடுகிறது. திருச்சிக்காரர்கள் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்துக்கும், முடிந்தவர்கள் கொடைக்கானலில் 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகத்துக்கும் கூட்டிப் போகலாம். ஆனால் நோட்டில் நாலு பக்கம் வரைந்த பிறகு போங்கள். வெறுங்கையோடு போனால் ஐஸ்கிரீம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

எங்களுக்கு வருஷத்தின் பெரிய திருவிழா நிழலில்லா நாள். திருச்சியில் ஏப்ரல் 18, ஆகஸ்ட் 24 வாக்கில் சூரியன் உச்சிக்கு நேரே வரும். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு இல்லை, பன்னிரண்டேகாலை ஒட்டி. செங்குத்தாக நட்ட கம்பின் நிழல் காலடிக்குள் சுருங்கி மறைந்துவிடும். கம்பு செங்குத்தா என்று பார்க்க மேஸ்திரியிடம் தூக்குக்குண்டு வாங்கி வைத்துக்கொள்வோம். அதே நாளில் சென்னையில் என் மகளின் சித்தப்பா அவர் மாடியில் ஒரு மீட்டர் கம்பை நட்டு நிழலை அளந்து போனில் சொல்வார். அங்கே உச்சிவேளை ஐந்தாறு நிமிஷம் முன்னாலேயே வந்துவிடும். சென்னைக்கு நிழலில்லா நாள் ஏப்ரல் 24 வாக்கில்தான் என்பதால் அன்றைக்கு அங்கே நிழல் இருக்கும், வடக்கே பார்த்து.

அவர் சொன்ன அளவு மூன்றரை சென்டிமீட்டர். கம்பின் நீளத்தையே ஆரமாக வைத்து ஒரு வட்டம் போட்டால் அதன் சுற்றளவு 628 சென்டிமீட்டர். அதில் மூன்றரை எத்தனை முறை போகும்? ஏறத்தாழ 179. நேர் வடக்காக அளந்தால் எங்களுக்கும் சென்னைக்கும் சுமார் 250 கிலோமீட்டர். பஸ் போகும் தூரத்தை எடுக்கக் கூடாது, வரைபடத்தில் ஸ்கேல் வைத்து எடுக்க வேண்டும். அந்த வட்டத்தில் நிழல் எத்தனையில் ஒரு பங்கோ, பூமியின் சுற்றளவில் இந்தத் தூரமும் அத்தனையில் ஒரு பங்கு. பெருக்கினால் பூமியின் சுற்றளவு சுமார் 45,000 கிலோமீட்டர். புத்தகத்தில் இருப்பது 40,000. "தப்பாயிடுச்சு" என்று முகம் வாடினவர்களிடம் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞரைப் பற்றிச் சொன்னேன். எகிப்தில், 2,200 வருஷத்துக்கும் முன்னால், சயீன் என்ற ஊரில் நிழல் விழாத நாளில், அதற்கு வடக்கே இருந்த அலெக்சாண்ட்ரியா நகரின் நிழல் கோணம் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு என்று கண்டு, இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட தூரத்தை ஐம்பதால் பெருக்கியவர். அவரிடம் போனும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. அந்த இரண்டு ஊர்களும் ஒன்றுக்கொன்று நேர் வடக்கு தெற்கும் இல்லை.

அரை சென்டிமீட்டர் கூடுதலாக அளந்திருந்தால் விடை கிட்டத்தட்ட 39,000-க்கு வந்திருக்கும். அந்த அரை சென்டிமீட்டர் எங்கே போனது என்று தேடியதில்தான் அந்த வருஷத்தின் நல்ல பேச்சு நடந்தது. நிழலின் நுனி எங்கே முடிகிறது என்றே சரியாகத் தெரியவில்லை என்றார் சித்தப்பா. சூரியன் புள்ளி இல்லை, வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள வட்டம். அதனால் ஒரு மீட்டர் கம்பின் நிழல் நுனி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மங்கிப்போகும். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கம்பின் உச்சியில் ஓட்டை போட்ட அட்டையைப் படுக்கையாக ஒட்டி, நிழலுக்குப் பதில் அந்த ஓட்டை வழியாக விழும் வெளிச்ச வட்டத்தின் நடுவை அளக்கலாம் என்றாள். ஆகஸ்டில் மேகம் பாதி நாள் மறைத்துவிடும் என்பதால் அடுத்த ஏப்ரலுக்குத்தான் ஏற்பாடு. ஓட்டை ஊசி அளவா, பென்சில் அளவா என்பதில் மட்டும் இரண்டு கட்சியாகப் பிரிந்து இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.